தாம்பரத்தில் குடியேறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாற்றலாகி வந்தவர்கள், வாடகை வீடு தேடி வருகிறவர்கள், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும் முதல் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கட்டணம், நேரம் போன்றவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டேன்.

தாம்பரம் சென்னையில் சேர்த்தியா, தனி ஊரா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தபால்காரருக்கு இது சென்னை: மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059, சானடோரியம் 600047. வட்டாட்சியருக்குச் செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர் வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்தது. உள்ளாட்சியைக் கேட்டால் இது தனி மாநகராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டுகள். 2022 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலுக்குப் பிறகு மேயரான வசந்தகுமாரி கமலகண்ணனுக்கு அப்போது வயது 25. காவல் துறைக்கும் 2022 ஜனவரி 1 முதல் தனி ஆணையரகம் வந்துவிட்டது. வண்டிப் பதிவு எண் டி.என். 11.

ஆகவே, பம்மலில் குடியிருப்பவரும் தாள்களின்படி தாம்பரத்துக்காரர்தான். அவரிடமே கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்.

நேற்று முளைத்த புறநகரில் வரலாறு என்ன இருக்கப் போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பல்லாவரம் பக்கம் அழைத்துப் போகத் தோன்றும். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்துக்கு அருகே சரளை தோண்டிய குழி ஒன்றில் மனிதக் கை வேலைப்பாடு தெரிந்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் அப்படிப்பட்ட கருவி அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் முறை. நாட்டின் தொல்பழங்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியே, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான நம் ஜி.எஸ்.டி. சாலையோரத்துச் சரளைக் குழியில் தொடங்கியது என்று சொன்னால் நம்மவர்களே சிரிக்கிறார்கள்.

அதே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரை ஒன்று உண்டு. இன்று அது தர்கா. மேற்கே சற்றுத் தள்ளியிருக்கும் மணிமங்கலத்தில்தான் அவன் மகன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியோடு மோதி வென்றான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. கிழக்கே மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது, தூங்கானை மாட விமானம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இன்று கோயிலைச் சுற்றி மூன்று மாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. இருந்தாலும் யானையின் முதுகு போல வளைந்த அந்த விமானத்தைப் பின்பக்கமாகப் போய் நின்று பார்க்க வேண்டும். முன்வாசலோடு கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிக் கோயிலைத்தான் பார்க்கிறார்கள்.

ரயில் நிலையத்துக்குச் 'சானடோரியம்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான சாப்பாடு ஆகியவைதான் வைத்தியம். அதற்கென்று ஊருக்கு வெளியே கட்டிய இடத்தை ஆங்கிலேயர்கள் சானடோரியம் என்றார்கள். இங்கிலாந்தில் காசநோய் வைத்தியம் பார்த்துப் பெயரெடுத்த டாக்டர் டேவிட் சவுரிமுத்து ஊர் திரும்பி, பச்சைமலை அடிவாரத்தில் 1928இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. தொற்றியவர்களைப் பல மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, 1993இலிருந்து அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடம் இதுதான். ஆந்திரத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். அந்த நாட்களில் 'சானடோரியம் இறங்குங்கள்' என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னாலே பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்தக் கதையே போதும் என்பது என் கட்சி. பட்டணத்துக்குத் தேவையான, ஆனால் பட்டணத்துக்குள் வைத்துக்கொள்ள இடமோ மனமோ இல்லாத ஒவ்வொன்றும் தெற்கே அனுப்பப்பட்டு இங்கே வந்து இறங்கியிருக்கிறது. வீடுகள் கடைசியாகத்தான் வந்தன.

அப்படி வேறு எவையெல்லாம் வந்து சேர்ந்தன?

கல்லூரியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1837இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நெருக்கடியில் இருந்தது. 1937இல் சேலையூர்க் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காடு. மரங்கள் வளர்ந்ததில் வேதியியல் பேராசிரியராக வந்து தாவரவியலில் பித்தான எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்களின் கை இருக்கிறது. புள்ளிமான்கள் இன்னமும் உள்ளே உலவுகின்றன. வெளியே வேளச்சேரி சாலையில் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். வாயிலைத் தாண்டி இருநூறு அடி நடந்தால் செண்பகக் குயிலின் குரல் கேட்கும்.

அந்த வளாகத்துக்கு உலகப் பெயர் கிடைத்ததும் ஒரு விபத்துதான். 1938 டிசம்பரில் நடந்த சர்வதேச மிஷனரி மாநாட்டைச் சீனாவின் ஹாங்சோவில் நடத்துவதாக இருந்தார்கள். ஜப்பான் படையெடுத்துவிட்டதால் வேறு இடம் தேடி, புதிதாகக் கட்டி முடித்திருந்த இந்தக் கல்லூரியைப் பிடித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிறிஸ்தவ இறையியல் படிக்கும் ஜெர்மானியருக்கோ ஸ்வீடன்காரருக்கோ 'தாம்பரம்' என்பது இன்றும் ஒரு மாநாட்டின் பெயர். இங்கே சண்முகம் சாலையில் காய்கறி வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளம் வந்தது. 1949இல் தொழிலதிபர் சி. ராஜம் தம் சொத்தை விற்றுக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். 1978இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1984இல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ். 1985இல், 1855 முதல் பட்டணத்து நடுவிலேயே இருந்த மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு வந்தது. 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். கடைசியாக, கோயம்பேட்டில் இருந்த தென்மாவட்டப் பஸ்களும் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு வரத் தொடங்கின. நோயாளி, மாணவர், விமானம், புலி, பஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரே திசைதான்.

குரோம்பேட்டை என்பது என்ன பெயர்? தமிழ் மாதிரியே இல்லையே?

குரோமிய உப்பு போட்டுத் தோல் பதனிடும் முறைக்குக் 'குரோம் லெதர்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கி நிற்கும் பேட்டை வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தோல் தொழில் பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பக்கம் பரவியது. வேலை கொடுத்தது, கூடவே அந்தப் பக்கத்துக் கிணறுகளையும் கெடுத்தது. அங்கே வீடு பார்க்கிறவர்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பம்மலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. தமிழ் நாடக மேடையைப் படித்தவர்கள் பக்கம் திருப்பிய, 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் இதுதான்.

அனகாபுத்தூரில் நெசவு உண்டாமே?

உண்டு, ஆனால் பழைய மாதிரி இல்லை. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை இங்கே நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தத் துணி வேண்டும். ஊரில் யாரும் உடுத்தாத துணியை, பார்த்தே இராத நாட்டுக்காரர்களின் சடங்குக்காக, அடையாற்றங்கரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்த ஏற்றுமதி படுத்த பிறகு தறிகள் குறைந்தன. எஞ்சியவர்கள் வாழைநார் போன்ற இயற்கை நார்களைப் பருத்தியோடு கலந்து சேலை நெய்கிறார்கள். நேரில் போனால் தறியையும் பார்க்கலாம், சேலையும் வாங்கலாம். பேரம் பேச வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

மின்சார ரயிலை நம்பி வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஊரே அப்படித்தான் எடுத்தது. 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுதான். ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அந்தக் கம்பி வந்திருக்காவிட்டால் குரோம்பேட்டை நடுத்தர வர்க்கத்துக் குடியிருப்பாக ஆகியிருக்காது; ஆறு மணிக்கு அலுவலகம் முடிந்து ஏழரைக்கு வீட்டில் காபி குடிக்கும் குமாஸ்தா என்ற பிறவியே இந்தப் பக்கம் தோன்றியிருக்காது. 2004 ஜூலையில் மீட்டர் பாதை வண்டி கடைசியாக ஓடி, முழுவதும் அகலப் பாதை ஆனது. 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் வந்தது.

தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சானடோரியத்திலோ குரோம்பேட்டையிலோ ஏறுகிறவர்களில் சிலர் எதிர்த்திசை வண்டியில் தாம்பரம் வரை வந்து, இடம் பிடித்துத் திரும்புவதும் உண்டு. அதற்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டால் மனசாட்சிக்கு நல்லது.

தெற்கே போகும் பெரும்பாலான விரைவு வண்டிகள் இங்கே நிற்கும். இங்கிருந்தே புறப்படுபவையும் உண்டு: நாகர்கோவில் அந்த்யோதயா, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய ராமேசுவரம் வண்டி. நெல்லை, மதுரைக்காரர்கள் தாம்பரத்தில் வீடு எடுப்பதற்கு இது பெரிய காரணம். விடியற்காலையில் எழும்பூர் வரை போய் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கிழக்கா, மேற்கா? எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் ஊரை நீளவாக்கில் கிழித்துப் போட்டிருக்கின்றன. தரகரிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான். மேற்கில் பழைய கடைத்தெரு, சந்தை, முடிச்சூர் சாலை. கிழக்கில் கல்லூரி, விமானத் தளம், சேலையூர், கேம்ப் ரோடு, அங்கிருந்து வேளச்சேரி போகும் வழி. ராஜீவ் காந்தி சாலையில் கணினி வேலை என்றால் கிழக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை என்றால் மேற்கு. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் வேலை என்றால் நிலையத்தின் நடைமேம்பாலத்துக்கு நடந்து வரும் தூரத்தில் பாருங்கள். மாலையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வண்டியில் போவதைவிட அந்தப் பாலத்தில் ஏறி இறங்குவது விரைவு.

வெள்ளம் வருமா?

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் இது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் அதையடுத்த வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கின. படகில்தான் ஆட்களை மீட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் எல்லாம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தைப் பாருங்கள்: செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும் இடம் முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம் இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஆற்றின் தலைப்பகுதி அது. அங்கே ஆறு கோடையில் ஒரு ஓடை, தாண்டிக் குதித்துவிடலாம். அந்த ஓடையைப் பார்த்துவிட்டு, 'இதுவா வெள்ளம் வரும்?' என்று மனை வாங்கியவர்கள் ஏராளம்.

பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய்கள் கட்டினார்கள். பலன் தெரிகிறது. ஆனாலும் தாழ்வான இடம் தாழ்வான இடம்தான். வீடு பார்க்கப் போகும்போது உரிமையாளரைக் கேட்காதீர்கள், அவர் 'இந்தத் தெருவுக்கு மட்டும் வரவில்லை' என்றுதான் சொல்வார். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். பழைய சுற்றுச்சுவர் இருந்தால் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வாங்குவதாக இருந்தால் வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாமல், வருவாய்த் துறை இணையதளத்தில் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். 'நீர்ப்பிடிப்பு', 'கால்வாய்', 'தாங்கல்' ஆகிய சொற்கள் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவு ஏரிகள் எதற்கு? எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவையா?

எல்லாம் ஒரே சங்கிலி. பயிர் பாய்ச்சிய காலத்தில் மேட்டு ஏரி நிறைந்ததும் கலங்கல் வழியாக மிகைநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும்படி வெட்டினார்கள். கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தை 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வயல்கள் மனைகளான பிறகு ஏரிகள் மட்டும் நின்றன. நடுவில் இருந்த கால்வாய்கள் தெருக்களாகிவிட்டன. மழை நாளில் தண்ணீர் பழைய வழியிலேயே போகப் பார்க்கிறது, அந்த வழியில் நம் வீட்டு வாசல் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சிட்லபாக்கம் ஏரியை மட்டும் ஒரு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். குப்பை கொட்டும் இடமாகக் கிடந்ததை அங்கே குடியிருப்பவர்கள் விடாமல் மனு போட்டு, வழக்கு நடத்தி, தாங்களே இறங்கித் தூர்வாரி, கடைசியில் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைக்க வைத்தார்கள். இன்று கரையில் நடைபாதை இருக்கிறது. காலையில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கழிவுநீர் கலப்பது அடியோடு நின்றால் இன்னும் மனம் நிறையும்.

குடிநீர்?

பாலாற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் வராது. கேன் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் மாதச் செலவுக் கணக்கில் சேர்ந்தே இருக்கட்டும்.

அவசரத்துக்கு மருத்துவமனை?

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. சாலை நெடுகிலும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. நெஞ்சுச் சளி, நாள்பட்ட இருமல், காசநோய் என்றால் சானடோரியத்தில் உள்ள நெஞ்சக நோய் மருத்துவமனைக்குத் தயங்காமல் போகலாம். பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் பழைய வழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம்.

சாலையின் அதே பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். சமூகச் சிந்தனையாளராகப் பலருக்குத் தெரிந்த அவர் தொழிலால் சித்த வைத்தியர் என்பதால் அந்தப் பெயர் அங்கே பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. மூட்டு வலிக்காரர்களும் தோல் நோய்க்காரர்களும் விடிந்ததும் வரிசையில் நிற்கிறார்கள். பத்து மணிக்கு மேல் போய்விட்டுக் கூட்டம் என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

வெளியூர் பஸ்ஸை எங்கே பிடிப்பது?

தென்மாவட்டங்களுக்குக் கிளாம்பாக்கம். வண்டலூரைத் தாண்டி, தாம்பரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று பெயர். 88 ஏக்கருக்கு மேல், 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். வடசென்னையிலிருந்து வருகிறவர்கள் இன்றும் அதைத் திட்டிக்கொண்டே வருகிறார்கள். நமக்கு அது வாசலில் வந்து நின்ற மாதிரி. பண்டிகைக்கு முந்தைய நாள் மட்டும் பெருங்களத்தூரிலிருந்தே சாலை நகராது. மூட்டை முடிச்சு குறைவாக இருந்தால் மின்சார ரயிலில் வண்டலூர் இறங்கிப் போவது மேல்.

மெட்ரோ?

அருகில் இருப்பது விமான நிலைய நிறுத்தம். 2016 செப்டம்பரில் திறந்தார்கள். அங்கிருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. மனை விளம்பரங்களில் மட்டும் அந்த ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

விமானச் சத்தம் தொந்தரவாக இருக்குமா?

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் பகலில் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி 1954 முதல் இங்குள்ள விமானப்படைத் தளத்தில் இயங்குகிறது. முதல் வாரம் தலையை உயர்த்திப் பார்ப்பீர்கள். பிறகு சத்தம் காதில் விழாது. தளத்துக்கு அருகே வீடு கட்டுகிறவர்கள் உயரத்துக்கு விமானப்படையின் தடையில்லாச் சான்று தேவையா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2016 ஜூலை 22 அன்று இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என். 32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் கடலடியில் சிதைவுகள் தென்பட்டன. அந்த நாட்களில் இங்கே குடியிருந்தவர்களுக்கு விமானச் சத்தம் வெறும் சத்தமாகக் கேட்டதில்லை.

கடை கண்ணிக்கு எங்கே போவது?

காய்கறிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. துணிமணி, நகைக்குக் குரோம்பேட்டை. தியாகராய நகர் போகாமலே முடித்துவிடலாம். ஆனால் புதிதாக வந்தவர்கள் ஒரு முறையாவது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டும். குண்டூசி முதல் செடி, கோழி, பழைய மரக்கதவு, ஓடாத கடிகாரம், எங்கிருந்தோ கழற்றிய கணினி வரை கிடைக்கும். வெயில் ஏறும் முன் போங்கள், சில்லறை எடுத்துப் போங்கள். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வாங்கிய மின்சாதனம் வீட்டில் ஓடவில்லை என்று அடுத்த வாரம் போனால் அதே ஆள் அதே இடத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெரியவர்களை அழைத்துப் போக ஒரு கோயில் சொல்லுங்கள்.

திருநீர்மலை. திவ்யதேசம். நின்ற கோலத்தில் நீர்வண்ணன், அமர்ந்த கோலத்தில் நரசிம்மர், கிடந்த கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்தவர் என்று நான்கும் ஒரே ஊரில். நீர்வண்ணனின் சன்னதி அடிவாரத்தில்; மற்ற மூவரும் மேலே. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம், வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தாராம். கதையை மூட்டு வலிக்காரர்களுக்கும் சொல்லிவிடலாம்: படி ஏற முடியாவிட்டால் கீழே நீர்வண்ணனைச் சேவித்துவிட்டு, குடும்பம் இறங்கி வரும் வரை மண்டப நிழலில் காத்திருப்பதற்கு ஆழ்வாரே முன்மாதிரி.

பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?

வண்டலூர். 600 ஹெக்டேர், அதனால் நடக்கத் தயாராகப் போக வேண்டும். தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, வாயில் வரை போய்த் திரும்பி வந்து பிள்ளைகளின் அழுகையைச் சமாளித்த அனுபவம் எனக்கு உண்டு.